குப்பிக்கு வந்த காய்ச்சல்

ஒரு கண்ணாடிக் குப்பியைக் கையில் எடுத்து, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

அவள் கேட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டு கேட்டாள். விளையாட்டாகத்தான். அந்த நேரத்தில் லேபில் அவளைத் தவிர வேறு யாரும் கிடையாது. தலைக்கு மேலே டியூப்லைட் ஒன்று, உள்ளே ஈ மாட்டிக்கொண்டது மாதிரி முனகிக்கொண்டிருந்தது; மூலையில் ரத்தம் நிரப்பிய குழாய்களைச் சுழற்றுகிற மெஷின் வேகம் குறைந்து, நிற்பதற்கு முன் விடுகிற அந்த நீண்ட பெருமூச்சை விட்டது; ஸ்பிரிட் வாசனை, பினாயில் வாசனை, அதற்கும் அடியில் துருப்பிடித்த இரும்பைப் போல லேசாகப் பழைய ரத்தத்தின் வாசனை. பதினொரு வருஷமாக அவள் மூக்குக்குப் பழகிப்போனவை. மேலே வார்டுகளில் அவளுக்கு லேபக்கா என்று பேர். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் லேபக்காதான்.

நீல மூடி போட்ட அந்தக் குப்பியில் இருந்தது கன்ட்ரோல். தினமும் காலையில், நோயாளிகளின் ரத்தத்தை, அளவெடுக்கிற மெஷினுக்குக் கொடுப்பதற்கு முன்னால், மெஷின் ஒழுங்காகப் படிக்கிறதா என்று பார்க்க, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு சீரத்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். சீரம் என்றால் ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் தண்ணீர். நேற்று அதில் சர்க்கரை தொண்ணூறு என்றால் இன்றும் தொண்ணூறு வரவேண்டும், நாளைக்கும் தொண்ணூறு வரவேண்டும். வந்தால் மெஷின் யோக்கியன். சுவரில் ஒட்டியிருக்கிற சார்ட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். புள்ளிகள் எறும்பு போவது மாதிரி ஒரே கோட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு ஒரு புள்ளி கோட்டை விட்டு மேலே ஏறியிருந்தது. சிஆர்பி. முந்தின நாள் நான்கு. இன்றைக்குப் பத்தொன்பது புள்ளி நான்கு. உடம்புக்குள் எங்கேயாவது கிருமி புகுந்தால் கல்லீரல் ரத்தத்தில் கொட்டுகிற புரதம் அது. காய்ச்சல்காரர்களுக்கு ஏறும்.

குப்பிக்குக் கல்லீரல் கிடையாது.

அதனால்தான் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் மெஷினைத் திறந்து, ஊசியைக் கழுவி, மருந்தை மாற்றி, மறுபடி கொடுத்துப் பார்த்தாள். பத்தொன்பது புள்ளி நான்கு. புள்ளி கோட்டில் இல்லாவிட்டால் அன்றைய வேலையைத் தொடங்கக் கூடாது. ஆனால் ஜன்னல் தட்டில் காய்ச்சல் வார்டிலிருந்து அறுபது குழாய்கள் வந்து காத்துக்கொண்டிருந்தன. அவள் பேனாவை எடுத்து, புள்ளியைக் கோட்டின் மேலேயே வைத்தாள். இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர் இல்லை. செய்ததாக ஒப்புக்கொண்டவரும் இல்லை.

குப்பி, முந்தின நாள் அவளே தயாரித்தது. கம்பெனியிலிருந்து வருகிற கன்ட்ரோல் அந்த மாதம் வரவில்லை. ஊரெல்லாம் நெஞ்சுக்காய்ச்சல், லாரியும் ஓடவில்லை, ஆளும் இல்லை. லேபுக்குப் பொறுப்பான பெரியவரே காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். போனில் கேட்டதற்கு, பழைய முறைப்படி மிச்சமிருக்கிற சீரங்களை ஒன்றாகக் கலந்து ஒரு குப்பி செய்துகொள் என்றார். நல்லா இருக்கிறவர்களுடைய ரத்தமாகப் பார்த்து எடு என்று சொல்லும்போதே இருமல் வந்து போனை வைத்துவிட்டார்.

அவள் பார்த்துத்தான் எடுத்தாள். ஃப்ரிட்ஜில் போன வாரத்து மீதிக் குழாய்கள் வரிசையாக இருந்தன. கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்து, எல்லா அளவும் ஒழுங்காக இருந்த ஏழு எண்களைப் பொறுக்கினாள். நம்பர் நன்றாக இருந்தது. அது யார், எந்த வார்டு என்று பார்க்கவில்லை. ஏழு குழாயையும் ஒன்றாக ஊற்றி, மெதுவாக ஆட்டி, நீல மூடியைத் திருகினாள்.

வீட்டில் அவள் கணவனுக்கும் காய்ச்சல். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். தூக்கத்தில் வலது காலால் பிரேக் போடுவான். பதினான்கு வருஷமாக அவளுடைய முழங்காலுக்கு அதில் அடி. அவனைப் பின்னறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, மேலே கட்டில் காலி இல்லை, மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, நீதான் லேபில் இருக்கிறாயே, தினம் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை ரப்பர் பட்டையைக் கட்டி அவன் கையில் நரம்பைத் தட்டினாள்.

"வந்துட்டா பாரு காட்டேரி. பொழுது விடியக் கூடாதே, கையை நீட்டுன்னு நிக்கிறா."

"வாயை மூடிக்கிட்டு கையை மடக்காம வைங்க."

"எடுத்துட்டுப் போய் விக்கிறியா என்ன?"

"இந்த ரத்தத்தை யாரு வாங்குவாங்க. ஓசியில குடுத்தாலும் வேணாம்பாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அவனுடைய இருமல் அவளுக்குத் தெரியும்: ஒரே மூச்சில் இழுத்து, கடைசியில் தொண்டையைச் செருமுவான், கியர் மாற்றுகிற மாதிரி. எல்லாருடைய இருமலும் அவளுக்குத் தெரியும். காய்ச்சல் வார்டில் முகமெல்லாம் மூடியிருக்கும். ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது நரம்பை வைத்தும் இருமலை வைத்தும்தான். கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு இரண்டாக இருமுகிற தபால்காரர். மூக்குக்குள்ளேயே ஏதோ பழைய மெட்டை முனகிக்கொண்டு கையை நீட்டுகிற வாட்ச்மேன். ஒவ்வொரு முறையும் "எத்தனை குழாய்மா? நூல்கண்டு மாதிரி உருவிக்கிட்டே இருக்கியே" என்று கேட்கிற தையல்காரம்மா.

அன்றைக்குக் கன்ட்ரோலில் சிஆர்பி ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு. உப்பின் அளவு நூற்று முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. நெஞ்சில் வைரஸ் இறங்கினால் ரத்தத்தில் உப்பு குறையும். அது அவள் தினம் பார்க்கிற சங்கதி. குப்பியில் எதற்குக் குறையவேண்டும்? மெஷின்தான் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து, ஒரு நோயாளியின் ரத்தத்தை இரண்டு பாகமாக்கி, ஒரு பாகத்தை வேறு ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பினாள். மத்தியானம் பதில் வந்தது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கணவனுடைய ரிப்போர்ட் வெளியே வந்தது. சிஆர்பி பத்தொன்பது புள்ளி நான்கு.

பத்தொன்பது புள்ளி நான்கு என்பது எத்தனையோ பேருக்கு வரக்கூடிய அளவுதான். அவனுடைய உப்பு, சர்க்கரை, பொட்டாசியம் எல்லாவற்றையும் நேற்றைய குப்பியின் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு அளவுகள். இருபத்திரண்டும் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண் வரை ஒன்றாக இருந்தன.

வியாழக்கிழமை அவன் எழுந்து உட்காரவில்லை. கேலியும் பேசவில்லை. அவனுடைய சிஆர்பி ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு, உப்பு நூற்று முப்பத்தொன்று. புதன்கிழமை குப்பிக்கு இருந்த அதே எண்கள். இன்றைக்குக் குப்பிக்கு சிஆர்பி நூற்று நாற்பத்தொன்று. உப்பு நூற்று இருபத்தேழு. சர்க்கரையும் அறுபதுக்கு வந்துவிட்டது.

சர்க்கரைதான் அவளைத் தொந்தரவு செய்தது. ரத்தத்தை அப்படியே வைத்தால், அதிலிருக்கிற அணுக்கள் சர்க்கரையைத் தின்னும். அதனால்தான் சுழற்றி அணுக்களைப் பிரித்து, சீரத்தை மட்டும் எடுப்பது. சீரத்தில் உயிருள்ளது எதுவும் கிடையாது. சர்க்கரையைத் தின்ன அங்கே யாரும் இல்லை.

ஆனால் யாரோ தின்றிருந்தார்கள்.

மத்தியானம் வார்டு சிஸ்டர் இறங்கி வந்து, கையில் இருந்த ஒரு கட்டு ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டாள். கண்ணுக்குக் கீழே முகமூடி அழுத்திய தடம். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை.

"இதுக்கெல்லாம் ஆள் இல்லக்கா. ஃபைல்ல போட்டுருங்க."

"ஆள் இல்லன்னா? வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

சிஸ்டர் கூரையைப் பார்த்தாள். தபால்காரர் விடியற்காலையில். வாட்ச்மேன் நேற்று. தையல்காரம்மா செவ்வாய்க்கிழமையே போய்விட்டார். கடைசியாகவும் எத்தனை குழாய் என்றுதான் கேட்டாராம். எல்லாருக்கும் முதல் நாள் ரத்தம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று சிஸ்டர் ஆச்சரியப்பட்டாள். முதல் நாள் அப்படித்தான் இருக்கும். கிருமி மூக்கில் நிற்கும்போது ரத்தத்துக்கு விஷயம் தெரியாது.

சிஸ்டர் மாடி ஏறின சத்தம் தேய்ந்ததும் அவள் கம்ப்யூட்டரில் தான் பொறுக்கின ஏழு எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். தையல்காரம்மா. தபால்காரர். வாட்ச்மேன். இன்னும் மூன்று பேர். ஆறும் காய்ச்சல் வார்டு, ஆறும் முதல் நாள் ரத்தம். ஆறு பேருடைய பேருக்கும் பக்கத்தில், இறந்தவர்களுக்குப் போடுகிற சிவப்புக் கோடு.

ஏழாவது எண் போன சனிக்கிழமையுடையது. தொண்டை கரகரக்கிறது என்று அவன் சொன்னபோது, எதற்கும் பார்த்துவிடலாம் என்று அவளே வீட்டில் எடுத்துக் கொண்டுவந்தது. அந்தப் பேருக்குப் பக்கத்தில் மட்டும் கோடு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை பெய்துகொண்டிருந்தது. அடித்தளத்தில் மழை தெரியாது. சுவருக்குள் போகிற குழாய்களில் தண்ணீர் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்கும், யாரோ விழுங்கிக்கொண்டே இருப்பது மாதிரி. ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்தாள். குளிர்ந்திருக்கவேண்டும். பக்கத்தில் இருந்த எல்லாம் குளிர்ந்துதான் இருந்தன. குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியைத் தொட்ட மாதிரி.

மெஷின் எண்களைத் துப்பியது. பொட்டாசியம் பதினொன்று புள்ளி ஆறு. சர்க்கரை ஒன்பது.

ஆறுக்கு மேல் பொட்டாசியம் ஏறினாலே அவள் மாடிக்குப் போன் போட்டுக் கத்துவாள், இதயம் நின்றுவிடும் என்று. பதினொன்று புள்ளி ஆறை வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறாள். பிணவறையிலிருந்து தவறுதலாக வந்த குழாயில். உடம்பு செத்த பிறகு அணுக்கள் ஒவ்வொன்றாக உடைந்து உள்ளே இருப்பதை வெளியே விடும். அப்போது வருகிற எண் அது.

குப்பி எப்போதும் ஒரு நாள் முந்தி நடக்கிறது. அப்படியானால் நாளைக்கு அவனுக்கு.

டாக்டருக்குப் போன் போட்டாள். கட்டில் இல்லை. இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நேற்றைய அளவைச் சொன்னாள். அவ்வளவு மோசமில்லையேம்மா என்றார். குப்பியைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது? போனை வைத்தாள்.

பிறகு அவள் செய்தது, அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தோன்றக்கூடியது. கன்ட்ரோல் புள்ளி கோட்டைவிட்டு விலகினால், சில திருட்டு டெக்னீஷியன்கள் குப்பிக்குள்ளேயே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ சேர்த்து எண்ணைச் சரிக்கட்டுவார்கள் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். பிடிபட்டால் வேலை போகும். அவள் குளுக்கோஸ் பாட்டிலில் இருந்து நான்கு சொட்டு எடுத்துக் குப்பிக்குள் விட்டாள். ஆட்டினாள். போதாது என்று தோன்றியது. தன் இடது கையில் ரப்பர் பட்டையைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, வலது கையால் தனக்குத்தானே ஊசி குத்தி ஒரு குழாய் எடுத்தாள். உறையவிட்டுச் சுழற்றினாள். மேலே தெளிந்த தன் சீரத்தை எடுத்துக் குப்பியில் ஊற்றினாள்.

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி மெஷினுக்குக் கொடுத்தாள்.

பொட்டாசியம் ஐந்து. சர்க்கரை எண்பத்தாறு. சிஆர்பி எழுபது. கலந்தால் குறையும்தான், ஆனால் இந்த அளவுக்குக் கணக்கு இடிக்கிறது. அவள் கணக்குப் பார்க்கவில்லை. மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். குப்பி அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குளிர்ந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே பின்னறையில் வெளிச்சம் தெரிந்தது. அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. ரொட்டி கேட்டான். கொடுத்தாள். இன்னும் கேட்டான். வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிடுகிற அழகைக் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டைத் துடைத்துவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் மூக்குக்குள்ளேயே ஏதோ ஒரு பழைய மெட்டை முனக ஆரம்பித்தான்.

அவன் பாடி அவள் கேட்டதில்லை. குளிக்கும்போதுகூட அவன் பாடினதில்லை.

பிழைத்துக்கொண்ட சந்தோஷம், அதுதான் என்று சொல்லிக்கொண்டாள். சமையலறையில் போய்த் தட்டைக் கழுவினாள். தண்ணீரை நிறுத்தியபோது பின்னறையிலிருந்து இருமல் கேட்டது. இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு. கதவைத் தட்டுகிற மாதிரி.

சனிக்கிழமை காலை ரத்தம் எடுக்கப் போனாள். அவன் கையை நீட்டினான். நரம்பைத் தட்டினாள். காட்டேரி என்பான் என்று காத்திருந்தாள். அவளைக் காட்டேரி என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் உண்டு. அந்த வார்த்தைக்காக அவள் வேண்டுமென்றே பட்டையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

"எத்தனை குழாய்மா?" என்றான் அவன். குரல் அவனுடையதுதான். "நூல்கண்டு மாதிரி உருவிக்கிட்டே இருக்கியே."

அவள் கை தன் வேலையைச் செய்தது. பதினொரு வருஷப் பழக்கம். குழாய் நிரம்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

லேபில் அவனுடைய ரத்தம் நேற்று அவள் சரிக்கட்டிய குப்பியின் எண்களையே காட்டியது. பொட்டாசியம் ஐந்து. சர்க்கரை எண்பத்தாறு. சிஆர்பி எழுபது. உயிருள்ள மனிதனின் எண்கள். குப்பியில் மறுபடி சர்க்கரை ஒன்பது. ஒரே ராத்திரியில் தின்று தீர்த்திருந்தார்கள். குளுக்கோஸ் விட்டாள். தன் ரத்தம் ஒரு குழாய். ஒரு மணி நேரத்தில் மறுபடி ஒன்பது. இன்னொரு குழாய். முக்கால் மணி நேரம்.

ஒரு ஆளுக்கு ஊட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தாள். அவள் பொய்யாக வைத்த புள்ளிகள் நேர்கோட்டில் நின்றன. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. எவ்வளவு அழகு.

சாயங்காலம் ஐந்து மணி. சிங்க் முன்னால் நின்றாள். ஒரு கையில் குப்பி. மறு கையில் கிருமி கொல்கிற பிளீச் பாட்டில். மூடியைத் திருகினாள். உள்ளேயிருந்து வாசனை வந்தது. சீர வாசனை இல்லை. ஜன்னல் சாத்தின அறையில் நிறையப் பேர் மூச்சு விட்டிருந்தால் வருகிற வாசனை.

கொட்டிவிட்டால் முடிந்தது. ஆறு பேர் எங்கே போகவேண்டுமோ அங்கே போவார்கள்.

ஏழாவது ஆளும்.

போன் அடித்தது. வீட்டு நம்பர்.

"என்னங்க."

மூச்சு மட்டும் கேட்டது. ஈரமான மூச்சு. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு. அதற்கும் பின்னால் மெட்டு ஒன்று.

"கொட்டிராத காட்டேரி," என்றான் அவன்.

அவன்தான். சந்தேகமே இல்லை. அந்த வார்த்தை அவனுடையது. அவன் அங்கே இருக்கிறான். கூட்டத்துக்குள் எங்கேயோ, நெருக்கிக்கொண்டு, இருக்கிறான்.

"எனக்கு இடமே இல்லடி," என்றான். பிறகு, மெதுவாக: "ஆனா இருக்கேன்."

அவள் மூடியைத் திருகினாள்.

குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அது சூடாகிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெட்டி காலிக் குழாய்களும் எடுத்து வந்திருந்தாள். ஊசிகள். பஞ்சு.

வீடு இருட்டாக இருந்தது. விளக்கைப் போடவில்லை. நடையில் நின்றாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே வெளிச்சம் இல்லை. சத்தம் இருந்தது. மூச்சு. ஒன்று இழுத்து முடிப்பதற்குள் இன்னொன்று ஆரம்பித்தது. எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவளுடைய வேலையே அதுதான்.

நான்கு.

ஐந்து.

கட்டில் கிறீச்சிட்டது. ஒரு ஆள் புரண்டால் வருகிற சத்தம் அவளுக்குத் தெரியும்.

இது அது இல்லை.

ஏழு.

"தண்ணி," என்றது உள்ளேயிருந்து.

எந்தக் குரல் என்று தெரியவில்லை. அவள் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினாள்.

"எத்தனை டம்ளர்?"

உள்ளே எல்லா மூச்சும் ஒரே நேரத்தில் நின்றது. யோசிக்கிற மாதிரி. பிறகு, கட்டில் காலடியில், மரச் சட்டத்தில் ஒரு சத்தம். டொப். தூக்கத்தில் வலது கால் பிரேக் போடுகிற சத்தம். அவளுடைய முழங்காலுக்குத் தெரிந்த சத்தம்.

அவள் சமையலறைக்குப் போனாள். டம்ளர்களை எடுத்தாள். நிரப்பினாள். கதவுக்கு வெளியே தரையில் வரிசையாக வைத்தாள். ஏழு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது ஏழு டம்ளரும் காலியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பதிந்திருந்த விரல் தடம் வேறு வேறு அளவில் இருந்தது. அவள் அவற்றைக் கழுவிக் கவிழ்த்தாள். சாப்பாட்டு மேஜையில் குப்பியை வைத்தாள், பக்கத்தில் குழாய்களை அடுக்கினாள், இடது கையில் ரப்பர் பட்டையைச் சுற்றிப் பல்லால் இழுத்தாள். முதல் குழாய் நிரம்ப ஒரு நிமிடம் ஆனது. இன்னும் ஆறு இருந்தன.